கூடிப்போன ஒயில்

புது எஞ்சின் ஒயில் தேன் நிறத்தில் இருக்கும் என்பது எனக்கு அறுபத்திரண்டாவது வயதில்தான் தெரியவந்தது. தெரிந்து மூன்றாம் நாளே அந்த அறிவை வைத்து ஒரு மனிதரைக் கள்வராக்கிவிட்டேன்.

அன்று பின்னேரம் குறிகாட்டுவான் இறங்குதுறையில் சனமெல்லாம் இறங்கிப் போன பிறகு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் படகின் எஞ்சின் அறைக்குள் இறங்கினேன். எஞ்சின் அப்போதுதான் நின்றிருந்தது. கிட்டப் போகவே முகம் சுட்டது. ஒயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற கம்பியை உருவி, கைப்பையில் இருந்த வெள்ளைக் கடுதாசியில் துடைத்தேன். கடுதாசி கன்னங்கரேலென்று கறுத்தது. ஒயில் மாற்றி இரண்டே இரண்டு நாள். அந்த இருபது லீற்றர் கானை நானே கடையில் நின்று வாங்கி, மூடியைத் திறந்து நிறம் பார்த்து, ஓட்டோவில் மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தேன். தேன் நிறத்தில் போன சாமான் இரண்டு நாளில் கரி நிறமாகுமா? கம்பியைத் திரும்பச் செருகிவிட்டு, கடுதாசியை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். சாட்சிக்கு.

நான் முப்பது வருடம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். படிப்பித்ததைவிடப் பரீட்சை மண்டபத்தில் காவல் நடந்த தூரம்தான் கூட இருக்கும். எந்தப் பிள்ளை எங்கே எழுதி ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறது என்பது அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிடும். பிடிபட்ட பிள்ளைகளின் முகங்கள் இப்போது ஞாபகமில்லை. பிடித்த சந்தோஷம் மட்டும் நல்லாக ஞாபகமிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கண்ணுக்கு வேலையில்லாமல் போயிற்று. மரக்கறிக்காரரின் தராசு, பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய், தபாலில் வருகிற கடித உறையின் ஒட்டு என்று கிடைத்ததையெல்லாம் மேய்ந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் படகு என் கைக்கு வந்தது.

படகு என் கணவருடையது. நயினாதீவுக்குச் சனம் ஏற்றுகிற பெரிய மோட்டார் படகு. நெருக்கி இருத்தினால் எண்பது பேர் போகலாம். மாசி மாதம் அவருக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். பாரம் தூக்கக்கூடாது, படகு ஏறக்கூடாது, கோபப்படக்கூடாது என்று டொக்டர் மூன்று கட்டளை போட்டார். மூன்றாவதைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோபம் எங்கள் வீட்டில் எப்போதும் என் பொறுப்பாகவே இருந்துவந்திருக்கிறது. அவர் மானிப்பாய் வீட்டில் சாய்மனைக் கதிரையில் கிடக்க, கிழமைக்கு நான்கு நாள் நான் பஸ் ஏறிப் படகைப் பார்க்கப் போகத் தொடங்கினேன்.

படகில் இரண்டு பேர் வேலை. சுக்கான் பிடிப்பவர் ஒருவர்; அவர் புங்குடுதீவுக்காரர், வாய் திறக்கமாட்டார். மற்றவர் எஞ்சின்காரர். குருநகர் ஆள், கத்தோலிக்கர், என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கலாம். ஆனாலும் நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் ரீச்சர். பதினேழு வருடமாக அந்த எஞ்சினோடு சீவிக்கிறவர். விடிய ஐந்தரைக்கே மோட்டார் சைக்கிளில் வந்து, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுவிட்டு உள்ளே இறங்குவார். முதலில் எஞ்சின் ஒயில். பிறகு கியர்ப்பெட்டி ஒயில். பிறகு எஞ்சினைக் குளிர வைக்கிற பச்சைத் தண்ணீர். சுக்கானைத் திருப்புகிற குழாய்களுக்குள் ஓடுகிற எண்ணெய். கடைசியில் டீசலிலிருந்து தண்ணீரைப் பிரித்து வைக்கிற கண்ணாடிக் கிண்ணத்தின் திருகைத் திறந்து, அடியில் நிற்கிற கொஞ்சத் தண்ணீரை வடிப்பார். எல்லாம் முடிய, எஞ்சின் அறை மூடியின் உட்பக்கத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு கீறுவார். ஒரு கோடு என்றால் அன்றைக்கு எல்லாம் பார்த்தாயிற்று என்று அர்த்தம்.

இப்படிப்பட்டவரைச் சந்தேகிக்க வேண்டிய தேவை என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் தொடக்கத்தில் சந்தேகப்படவில்லை. இறங்குதுறைத் தேநீர்க்கடைக்காரர்தான் ஒருநாள் சீனியைக் கலக்கிக்கொண்டே கதையை எடுத்தார்.

"ரீச்சர், உங்கடை எஞ்சின்காரர் ஒரே கானும் கையுமாய்த் திரியிறார். எஞ்சின் கனக்க ஒயில் குடிக்குதோ?"

"ஏன் கேக்கிறியள்?"

"சும்மா கேட்டனான். நான் ஒண்டும் சொல்லேல்லை."

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்கிறவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள் என்பது என் அனுபவம். அந்தக் கடைக்காரரையும் நான் நம்பவில்லை. அது வேறு கதை. ஆனால் அவர் போட்டது உள்ளே போய் இருந்துகொண்டது. எங்கள் பக்கத்தில் கழிவு ஒயிலுக்கு இருக்கிற மரியாதை நல்ல ஒயிலுக்கு இல்லை. கறையானுக்குக் கூரை மரத்தில் பூச, வேலித் தூணின் அடியில் பூச, கோழிக்கூட்டுக் காலுக்குப் பூச என்று எல்லாரும் ஒரு போத்தலைக் கொண்டு திரிவார்கள். எங்கள் வீட்டுக் கோழிக்கூடே அந்த ஒயிலில்தான் நிற்கிறது. ஆகவே எஞ்சின்காரர் ஒருவர் கறுத்த கானோடு படகிலிருந்து இறங்கிப் போனால் யாரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். கறுத்த கானுக்குள் என்ன நிறத்தில் ஒயில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? களவு எடுக்க இதைவிட வசதி வேண்டுமா?

ஒயில் மாற்றுகிற நாள் வந்தபோது நான் ஆயத்தமாக இருந்தேன். முதல்நாளே ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து உள்ளே இறங்கி, பழைய பில்ட்டரின் பின்பக்கத்தில், எழுத்துப் பிழை திருத்துகிற வெள்ளை மையால் ஒரு புள்ளி வைத்தேன். மாற்றுகிற அன்று கணவரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டி வந்துவிட்டது. அது தற்செயலாக அமைந்ததா, எஞ்சின்காரர் பார்த்துத் தெரிந்தெடுத்த நாளா என்றுகூட யோசித்தேன். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது புள்ளி வைத்த பில்ட்டர் இல்லை, புதியது நின்றது. வேறு யாராவது என்றால் அத்தோடு திருப்திப்பட்டுப் போயிருப்பார்கள். நான் கம்பியை உருவிப் பார்த்தேன். கறுப்பு! ஆக, கண்ணுக்குத் தெரிகிற பில்ட்டரை மாற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒயிலை மாற்றாமல் விட்டிருக்கிறார். புதுக் கான் குருநகருக்குப் போயிருக்கிறது. கெட்டிக்காரக் கள்ளன் என்று மனதுக்குள் மெச்சிக்கூடக் கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கடுதாசியை விரித்துக் கணவருக்குக் காட்டினேன்.

"ஒயில் கறுத்தால் அது தன்ரை வேலையைச் செய்யுது எண்டு அர்த்தமப்பா," என்றார். "டீசல் எஞ்சினிலை ஊத்தி ஒரு நாள் ஓடினாலே கறுக்கும்."

"நீங்கள் அந்தாளுக்கு எப்பவும் வக்காலத்து."

"பதினேழு வருசம் நீர் அதுக்குள்ளை இறங்கேல்லை. இறங்கின உடனை கள்ளனைப் பிடிச்சிட்டீர்."

நோயாளியோடு வாக்குவாதப்படக்கூடாது என்று விட்டுவிட்டேன். ஆனால் நான் நம்பவில்லை. ஆண்கள் ஒருவரையொருவர் காப்பாற்றுகிற பாங்கு எனக்குத் தெரியாததா?

அதற்குப் பிறகு மூன்று கிழமை, நான் போகிற நாளெல்லாம் கடைசி ஓட்டம் முடிந்து எஞ்சின் நிற்கிற கையோடு உள்ளே இறங்கினேன். எஞ்சின்காரர் அந்த நேரம் கயிறு கட்ட மேலே போவார். எனக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். கம்பியில் இரண்டு கோடு இருக்கிறது. மேல்கோட்டில் நின்றால் நிறைவு, கீழ்க்கோட்டுக்கு இறங்கினால் ஆபத்து. நான் பார்த்த ஒவ்வொரு பின்னேரமும் ஒயில் கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. விடிய அவரைக் கேட்டால் "நிறைவாய் இருக்கு ரீச்சர்" என்பார். மூடியில் வெண்கட்டிக் கோடும் இருக்கும். அப்படியானால் கம்பி பொய் சொல்ல வேண்டும், அல்லது அவர் பொய் சொல்ல வேண்டும். கம்பிக்குக் குருநகரில் குடும்பம் இல்லை.

எனக்குக் கோபத்தோடு இப்போது பயமும் பிடித்துக்கொண்டது. ஆனித் திருவிழாவுக்கு அம்மன் கோயிலுக்குச் சனம் வரத் தொடங்கியிருந்தது. கைக்குழந்தைகளும் கிழவர்களுமாக ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எண்பது பேர். நடுக்கடலில் ஒயில் இல்லாமல் எஞ்சின் இறுகி நின்றால் என்ன செய்வது? அவரை நிற்பாட்டிவிட்டு வேறு ஆள் எடுக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் கையும் மெய்யுமாகப் பிடிக்காமல் பதினேழு வருட ஆளை அனுப்பினால் கணவர் என்னைச் சும்மா விடமாட்டார். கோபப்படமாட்டார்தான், பேசாமல் இருந்து கொன்றுவிடுவார்.

அதனால் பரீட்சை மண்டபத்துப் புத்தியை எடுத்தேன். சந்தேகமான பிள்ளையின் மேசையில் நாங்களே எதையாவது வைத்துவிட்டு, அது என்ன செய்கிறது என்று தூர நின்று பார்ப்பது உண்டு. நான் ஒரு லீற்றர் ஒயில் ஊற்றுவேன். விடிய அவர் உண்மையிலேயே கம்பியைப் பார்க்கிறவர் என்றால், ஒயில் கூடியிருக்கிறது என்று என்னிடம் வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அவர் கம்பியைப் பார்ப்பதே இல்லை, வெண்கட்டிக் கோடு முழுப் பொய் என்று ஆகிவிடும். எப்படிப் பார்த்தாலும் எஞ்சினுக்கு ஒயில் கிடைக்கும். என் திட்டத்தில் எனக்கே பெருமையாக இருந்தது.

ஒயிலை மானிப்பாயில் வாங்கினால் கதை என் கணவர் காதுக்குப் போய்விடும் என்று, மருதனார்மடச் சந்திக்குப் போய் வாங்கினேன். பழைய கானில் இருந்த இலக்கத்தை எழுதிக்கொண்டு போய் அதே வகையைக் கேட்டேன். கடைக்காரப் பெடியன், "அன்ரி, என்ன வாகனம்?" என்று கேட்டான். "தையல் மெசின்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு லீற்றரைத் தண்ணீர்ப் போத்தலில் விட்டு, பனையோலை உமலுக்குள் அடியில் வைத்து, மேலே முருங்கையிலைக் கட்டு ஒன்றை வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன். பின்னேரம் கம்பியைப் பார்த்தேன், கீழ்க்கோடு. ஊற்றினேன். அவசரத்தில் கொஞ்சம் சேலையிலும் ஊற்றினேன்.

மறுநாள் விடிய முதல் பஸ்ஸில் போய் நின்றேன். அவர் உள்ளே இறங்கினார். வழமையைவிடக் கொஞ்சம் நேரம் எடுத்தது. மேலே வந்து கையைத் துடைத்தார்.

"எப்பிடி அண்ணை? எல்லாம் சரியோ?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "ஓம் ரீச்சர். சரிதான்," என்றார்.

அவ்வளவுதான்! நான் உள்ளுக்குள் கைதட்டினேன். ஆனால் ஒரு தடவை போதாது, மேன்முறையீடு வந்தாலும் நிற்க வேண்டும் என்று நான்கு நாள் விட்டு இன்னுமொரு லீற்றர் ஊற்றினேன். அதற்கும் "சரிதான்." பிறகு மூன்றாவது லீற்றர். அந்தப் பின்னேரம் ஊற்றிவிட்டுப் பார்க்க, கம்பியில் ஒயில் மட்டுமட்டாக மேல்கோட்டைத் தொட்டது. அவர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூடியின் உட்பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கண்டேன். வெண்கட்டிக் கோடுகளுக்கு நடுவில் மூன்று வட்டங்கள். யாருக்கோ காட்டுகிற அடையாளம் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. எடுக்கிற நாளைக் குறித்து வைக்கிறார், வாங்குகிறவன் வந்து பார்த்துக்கொண்டு போகிறான். வாங்குகிறவன் யார் என்றும் நினைத்தேன். சுக்கான்காரர் ஏன் வாய் திறப்பதில்லை என்பதற்கும் அன்று ஒரு காரணம் கிடைத்தது.

மூன்றாம் வட்டத்துக்கு அடுத்த நாள் பின்னேரம் பிடித்தேன். நான் வேண்டுமென்றே அரைமணி முந்திய பஸ்ஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தேநீர்க்கடைக்குப் பின்னால் நின்றேன். அவர் படகிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு கடைப்பை, பைக்குள் சின்னக் கான். பஸ்ஸுக்கு நின்ற சனத்துக்கு முன்னால் குறுக்கே போய் நின்றேன்.

"அண்ணை, உதுக்குள்ளை என்ன?"

"ஒயில், ரீச்சர்."

"ஆற்றை ஒயில்?"

"எங்கடை எஞ்சின்ரைதான்."

இப்படி உடனே ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஏன் எடுத்தனீங்கள்?"

"கூடிப்போச்சு. கூடினதைப் பம்பாலை இழுத்து எடுத்தனான்."

கூடிப்போச்சாம்! நான் ஊற்றிய மூன்று லீற்றருக்குப் பிறகுதான் அது மட்டுமட்டாக மேல்கோட்டைத் தொட்டிருக்கிறது. அதில் எங்கே கூடியிருக்கிறது? எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"ஒயில் குறையும், அண்ணை. கூடினதை ஆர் கண்டது? அதென்ன, எஞ்சினுக்குள்ளை கிடந்து குட்டி போட்டதோ?"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அது நல்ல பகிடியாகவே பட்டது. அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"நானும் அதைத்தான் ரீச்சர் ரெண்டு கிழமையாய் யோசிச்சுக்கொண்டு திரியிறன்," என்றார். "உங்களோடை தனியக் கதைக்க வேணும். அங்காலை வாருங்கோ."

இறங்குதுறையின் சீமெந்துக் கட்டின்மேல் போய் இருந்தோம். கானை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அவர் சொல்லத் தொடங்கினார். ஒருநாள் விடியப் பார்க்க ஒயில் மேல்கோட்டுக்கு மேலே நின்றதாம். ஒயில் தானாகக் கூடினால் இரண்டு காரணம்தான் இருக்கலாம். டீசல் கசிந்து ஒயிலுக்குள் இறங்குகிறது, அல்லது தண்ணீர் இறங்குகிறது. இரண்டும் எஞ்சினைக் கொன்றுவிடும். மோந்து பார்த்தாராம், டீசல் மணம் இல்லை. சூடான தகரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாராம், தண்ணீர் இருந்தால் பொரிய வேண்டும், பொரியவில்லை. கூடினதை எடுத்துவிட்டு ஓட்டினாராம். நான்கு நாளில் திரும்பவும் கூடிற்று. ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டம் முடிய இருந்து டீசல் பம்பைக் கழற்றிப் பார்த்தாராம். பிழை ஒன்றும் இல்லை. எடுத்த ஒயிலைக் குருநகரில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினாராம். இப்போது கானில் இருப்பதும் அவரிடம் கொண்டுபோகத்தான். "அவர் சொல்லிப்போட்டார், உது நல்ல ஒயில், இதுக்குள்ளை ஒண்டும் கலக்கேல்லை, நீதான் ஊத்தியிருக்கிறாய் எண்டு."

"நீங்களோ?"

"அண்டைக்குக் குறைஞ்சால் நான்தானே ஊத்திறனான். ஊத்தினதை மறந்திட்டுத் திரும்ப ஊத்தியிருக்கிறன் போலை. எனக்கு ஞாபகமில்லை, ரீச்சர். எவ்வளவு யோசிச்சாலும் வருகுதில்லை. கூடின நாளுக்கெல்லாம் மூடியிலை வட்டம் போட்டு வைச்சனான், எனக்கே விளங்கட்டும் எண்டு."

வட்டம் அதுதான். நான் கடலைப் பார்த்தேன்.

"எங்கடை மூத்த அண்ணைக்கும் உப்பிடித்தான் தொடங்கினது," என்றார். "முதல் அடுப்பிலை வைச்சதை மறந்தார். பேந்து பூசைக்குப் போட்டு வீட்டுக்கு வாற வழியை மறந்தார். கடைசியிலை எங்களைத் தெரியாது. நான் முதல்நாளே உங்களுக்குச் சொல்லியிருக்க வேணும். பயத்திலை சரி எண்டு சொல்லிப்போட்டன். அது பிழை. எண்பது சனத்தை ஏத்திற எஞ்சினை மறதிக்காரன் பாக்கக்கூடாது. நாளையோடை நான் வேலையிலை இருந்து நிக்கிறன். புதுசாய் வாற ஆளுக்கு எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன்."

சட்டைப் பையிலிருந்து கொப்பித்தாள் இரண்டை எடுத்து என் கையில் தந்தார். கானை எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை என்று போகும்போது சொன்னார்.

பஸ்ஸில் பண்ணைப் பாலம் வரைக்கும் நான் அவரை நம்பவில்லை என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். பிடிபட்ட பிள்ளைகள் அழுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்லாக நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து, தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டிவிட்டு, குசினிக்குள் நின்றபடியே அந்தத் தாள்களை விரித்தேன். உருண்டை எழுத்து, நிறைய எழுத்துப் பிழை. பச்சைத் தண்ணீரின் மூடியை எஞ்சின் சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும் என்று எழுதியிருந்தார். சுக்கான் எண்ணெய் குறைந்தால் முதலில் எந்த மூட்டில் கசிவு பார்க்க வேண்டும் என்று படமும் கீறியிருந்தார். எஞ்சின் ஒயிலுக்குக் கீழே இப்படி இருந்தது:

"புது ஒயில் ஓடின உடனே கறுக்கும். பயப்பட வேண்டாம். காலமை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் கம்பி பார்க்கவும். எஞ்சின் நின்ற கையோடு பார்க்கக் கூடாது. ஒயில் எல்லாம் மேலே ஏறி நிக்கும், கம்பியில் குறைவாய்க் காட்டும். அதைப் பார்த்து ஊத்தினால் கூடிப்போகும். கூடினால் எஞ்சினுக்குக் கூடாது."

அதற்குக் கீழே கோடு போட்டு: "ஆர் ஊத்தினாலும் மூடியில் எழுதவும். எனக்கு மறதி."

தாளை எடுத்துக்கொண்டு கணவரிடம் போனேன். "எஞ்சின் நின்ற உடனை கம்பி பாத்தால் குறைச்சுக் காட்டுமோ?"

"ஓம். அது எங்கடை படகிலை ஏறி இறங்கிற சனத்துக்கும் தெரியும். ஏன்?"

அடுப்பில் தண்ணீர் வற்றிக் கேத்தல் கருகிற மணம் வந்தது. அதை இறக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. முப்பது வருடத்தில் நான் பிடித்த பிள்ளைகளில் எத்தனை பேரை இப்படிப் பிடித்தேனோ? ஒரு மனிதரைத் தன் மூளையையே நம்பாமல் பண்ணிவிட்டேன். முருங்கையிலைக்குக் கீழே ஒளித்துக்கொண்டு போய், மூன்று தரம்.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் போனேன். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதைப் பாடமாக்கினேன். உங்களைக் கள்ளன் என்று நினைத்தேன், பிடிக்கத்தான் ஊற்றினேன், மன்னியுங்கள். மூன்றே வசனம். மூன்று வசனத்துக்கு மேல் எழுதினால் பிள்ளைகள் பொய் எழுதும் என்று நானே படிப்பித்திருக்கிறேன். நான் போய்ச் சேர அவர் எஞ்சின் அறைக்குள் இருந்தார். இறங்குதுறையில் சனம் அர்ச்சனைத் தட்டுகளோடு காத்துக்கொண்டு நின்றது. நான் சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே இறங்க, அவர் திகைத்துப்போய் எழும்பினார்.

"அண்ணை, நான்தான் ஊத்தினனான்."

"என்னத்தை?"

"ஒயிலை. மூண்டு தரம். ஒவ்வொரு லீற்றர்."

அவர் திரும்பி மூடியைப் பார்த்தார். வட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். பிறகு எஞ்சின் பெட்டியின் விளிம்பில் மெல்ல இருந்தார்.

"அப்ப எனக்கு ஒண்டுமில்லையோ, ரீச்சர்?"

"உங்களுக்கு ஒண்டுமில்லை, அண்ணை."

"மறதி இல்லை?"

"இல்லை."

ஒயில் துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தோள் குலுங்கியது. நான் அறை மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துணியை எடுத்தபோது முகம் முழுக்கக் கறுப்பு, வாயெல்லாம் சிரிப்பு. அப்போதுதான் கேட்டார்.

"ஏன் ரீச்சர் எனக்குச் சொல்லாமல் ஊத்தினீங்கள்?"

மூன்று வசனமும் வாய்க்குள் தயாராக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தேன்.

"குறைஞ்சுபோய்க் கிடந்தமாதிரி இருந்தது. உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல் எண்டு நானே ஊத்தினனான்."

சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், அவர் முகத்தில் எங்காவது சந்தேகம் தெரிகிறதா என்று தேடினேன். கண்ணில், வாயோரத்தில், கை வைத்திருந்த விதத்தில். ஒன்றும் இல்லை. அவர் அப்படியே நம்பிவிட்டார்.

"ஐயோ ரீச்சர், இந்தச் சேலையோடை இதுக்குள்ளை இறங்கி... என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. எனக்கென்ன கரைச்சல்?" எழும்பி, கம்பியை ஒருதரம் துடைத்துப் பார்த்துச் செருகினார். வெண்கட்டியால் கோடு கீறினார். மேலே சனம் ஏறுகிற சத்தம் கேட்டது. எஞ்சினை முடுக்கக் கை வைத்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் எல்லாத்தையும் சந்தேகப்பட்டனான், ரீச்சர். பம்பைச் சந்தேகப்பட்டன், டீசலைச் சந்தேகப்பட்டன், கடைசியிலை என்ரை மண்டையையும் சந்தேகப்பட்டன். வேறை ஓர் ஆள் ஊத்தியிருக்கும் எண்டு மட்டும் எனக்கு வரவேயில்லை."

நான் "ஓம், அண்ணை" என்று மட்டும் சொன்னேன். அவர் எஞ்சினை முடுக்கினார்.